சவரக் கத்தியும் அதைப் பிடித்த கைகளும்

கடந்த ஷஅபான் மாதத்தில் ஊரிலுள்ள பழைய வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, பாட்டனாரின் மரப்பெட்டிக்குள் ஒரு மடக்குச் சவரக் கத்தி கிடைத்தது. கொம்பினால் ஆன பிடி. அலகின் அடித்தண்டில் ஷெஃபீல்டு என்னும் ஊர்ப்பெயர். கூர்வாய் நெடுகத் துருவின் சிறு புள்ளிகள். சமையலறைக் கத்தியைத் தீட்டுவதுபோல இதையும் தீட்டிவிடலாம் என்று எண்ணிக் கல்லில் நன்றாக அழுத்தித் தேய்த்தோம். தாடியின் எல்லையைச் சீர்செய்யக் கன்னத்தில் வைத்த முதல் இழுப்பிலேயே இரத்தம் வந்தது. மயிர் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் எங்கள் ஊர் ஒசாவிடம் கத்தியைக் கொண்டு சென்றோம். எழுபதைக் கடந்த பெரியவர். கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், “அமுக்கிட்டீங்க தம்பி. கல்லு மேல கத்தி அதோட பாரத்துலயே போவட்டும்” என்றார். பின்னர் நான்கு நாள், ஒவ்வொரு அஸருக்குப் பின்னும் அவர் எதிரே அமர்ந்து அந்த வேலையைக் கற்றோம். கற்ற அளவு சொற்பமே. ஆனால் அந்தக் கத்தியைப் பற்றியும், அதைப் பிடித்தவர்களை நம் வரலாறு எவ்வாறு நடத்தியது என்பதைப் பற்றியும் தேடிப் படிக்கும் ஆவல் அங்கிருந்தே பிறந்தது.

முதலில் தீட்டும் முறை. சவரக் கத்தியின் முதுகு தடித்தும், இரு பக்கங்களும் உட்குழிந்தும், வாய் மிக மெலிந்தும் இருக்கும். கல்லில் கிடத்தும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். அவ்வாறு கிடத்தினால் தீட்டும் கோணத்தை நாம் கணிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனே அதனை நிர்ணயித்துவிடும். சமையலறைக் கத்திக்கு முதுகைத் தூக்கிப் பிடிக்கிறோமே, அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. கல்லை நீரால் நனைத்து, கூர்வாய் முன்செல்லுமாறு தள்ளி, கல்லின் கோடியை அடைந்ததும் முதுகின் மேலாகக் கத்தியைப் புரட்டி, மறுபக்கத்தை அவ்வாறே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கல் நேர்தளமாக இருப்பது அவசியம். நடுவில் பள்ளம் விழுந்த கல் கத்தியின் வாயையும் வளைத்துவிடும்.

கல்லிலிருந்து எழுந்த கத்தி உடனே முகத்துக்கு வராது. அடுத்தது தோல்வார். இங்கே திசை மாறுகிறது. கல்லில் வாய் முன்சென்றது. வாரில் முதுகு முன்சென்று, வாய் பின்னே இழுபட்டு வர வேண்டும். மறந்து வாயை முன்னே செலுத்தினால் வார் அறுந்துபோகும், கத்தியும் கெடும். திருப்பும்போது இங்கும் முதுகின் மேல்தான் திருப்ப வேண்டும். வார் கூரை உண்டாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் மடிந்தும் சாய்ந்தும் நிற்கும் வாயை நேர்நிறுத்துகிறது. ஆகவே கல் எப்போதாவது தேவைப்படும். வார் ஒவ்வொரு சவரத்துக்கும் தேவைப்படும். வார் இல்லாத நாளில் நம் ஊர் நாவிதர்கள் உள்ளங்கையிலேயே கத்தியைத் தீட்டிக்கொள்வதைச் சிறு வயதில் கண்டிருக்கிறோம். அப்போது அது வித்தை காட்டுவதாகத் தோன்றியது. அதன் பொருள் இப்போதுதான் விளங்கியது.

முகத்தில் வைக்கும்போது கத்தி தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். படுத்துவிட்டால் மயிரைப் பிடுங்கும். நிமிர்ந்துவிட்டால் தோலை வெட்டும். ஒரு கை கத்தியைச் செலுத்த, மற்றொரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். முதலில் மயிர் வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். வெந்நீரும் சோப்பு நுரையும் மயிரை இளக்குவதற்காக. கத்தியை ஒருபோதும் பக்கவாட்டில் நகர்த்தலாகாது. எங்கள் கன்னத்தில் விழுந்த கீறலுக்கு அதுவே காரணம். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துச் சொட்டு எண்ணெய் தடவி வைக்காவிட்டால், ஈரம் துருவாகிவிடும். இவை அனைத்தையும் ஒசா வாய்விட்டுச் சொன்னது மிகக் குறைவு. எங்கள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திக் காட்டினார்.

ஷெஃபீல்டு முத்திரை கொண்ட அக்கத்திக்கும் நம் மண்ணுக்கும் தொலைதூர உறவு ஒன்று உண்டு. மூசையில் இரும்பை உருக்கி எஃகு செய்யும் தொழில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகப் பழமையானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அத்தொழிலின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், ஸரந்தீபின் எஃகைத் தனி வகையாகக் குறிப்பிடுகிறார். ஸரந்தீப் என்பது இலங்கைக்கு அரபுகள் வழங்கிய பெயர். 1790களில் இந்திய எஃகுக் கட்டிகள் பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டபோது, அங்குக் கத்தி செய்பவராக இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதன் தரத்தைக் கண்டு வியந்து, தம் தொழிலுக்கு அதனையே விரும்பினார். பின்னர் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் இணைந்து அந்த எஃகின் இரகசியத்தை அறியச் சோதனைகள் செய்து, 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். எஃகுடன் வெள்ளியைச் சிறிதளவு கலந்து பார்த்ததும் அச்சோதனைகளில் ஒன்று. மின்சாரத்தின் தந்தை என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் அதே ஃபாரடேதான். ஷெஃபீல்டுக் கத்திகள் பலவற்றில் ‘வெள்ளி எஃகு’ என்னும் முத்திரை பின்னாளில் பொறிக்கப்பட்டது அச்சோதனையின் புகழால் ஆகும்.

இனி நம் மார்க்க வரலாற்றுக்கு வருவோம். அரபியில் சவரக் கத்திக்கு ‘மூஸா’ என்று பெயர். நபி மூஸா (அலை) அவர்களின் திருப்பெயரும் இதுவும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும். இயற்கைத் தூய்மைகளாக அண்ணலார் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியவற்றுள், மறைவிட உரோமங்களைக் களைவதற்கு ‘இஸ்திஹ்தாத்’ என்னும் சொல் வந்துள்ளது. இரும்பைக் குறிக்கும் ‘ஹதீத்’ என்பதிலிருந்து பிறந்த சொல் அது. இரும்பைப் பயன்படுத்துதல் என்பதே அதன் நேர்ப்பொருள். அதனை நாற்பது நாள்களுக்கு மேல் விட்டுவிடலாகாது என்னும் வரையறையை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே முஸ்லிம் வீடு ஒன்றில் தீட்டிய கத்தி இருப்பது அலங்காரத்துக்காக அன்று, தூய்மைக்காக.

அந்தத் தூய்மையோடு பிணைந்த நிகழ்ச்சி ஒன்றைப் படித்துவிட்டுப் பல நாள் எங்களால் மறக்க இயலவில்லை. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் ரஜீஉ என்னும் இடத்தில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்ட நபித்தோழர் குபைப் பின் அதீ (ரலி) அவர்கள், மக்காவில் விற்கப்பட்டுக் கைதியாக வைக்கப்பட்டிருந்தார்கள். பத்ரில் கொல்லப்பட்ட ஹாரிஸின் குடும்பத்தார் பழிதீர்க்க அவரை வாங்கியிருந்தனர். கொல்லப்படும் நேரம் நெருங்கிவிட்டதை அறிந்த குபைப், தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள ஒரு சவரக் கத்தியை ஹாரிஸின் மகளிடம் இரவலாகக் கேட்டார்கள். அவரும் கொடுத்தார். அவர் கவனியாதிருந்த நேரத்தில் அவருடைய சிறு குழந்தை தவழ்ந்து சென்று குபைபின் மடியில் அமர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்த தாய் கண்டது: மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் கைதி, அவர் கையில் கத்தி, அவர் மடியில் தம் பிள்ளை. அப்பெண்ணின் முகத்தில் எழுந்த திகிலைக் கண்ட குபைப், தாம் குழந்தையைக் கொன்றுவிடுவோம் என அஞ்சுகிறாயா என வினவி, அப்படிச் செய்பவர் தாம் அல்லர் என்று அமைதிப்படுத்தினார்கள். குபைபைவிடச் சிறந்த கைதியைத் தாம் கண்டதில்லை என்று அப்பெண்ணே பின்னாளில் சாட்சி கூறினார். இது புகாரீயில் பதிவாகியுள்ள செய்தி. சில நாள்களில் தன்ஈமில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அந்தத் தோழர் ஷஹீதானார்கள்.

இரண்டாண்டுகள் கழித்து ஹுதைபிய்யாவில் மீண்டும் கத்திகள் வெளிவருகின்றன. உம்ராவுக்காகப் புறப்பட்டவர்களைக் கஅபாவை நெருங்கவிடாமல் குறைஷியர் தடுத்துவிட்டனர். உடன்படிக்கை எழுதி முடிந்ததும், பலியிட்டுத் தலையை மழித்துக்கொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) மும்முறை ஆணையிட்டும், துயரத்தில் உறைந்திருந்த தோழர்கள் எழவில்லை. கூடாரத்துக்குள் சென்ற அண்ணலாரிடம், எவரிடமும் பேசாமல் தாங்களே சென்று பலியிட்டு, நாவிதரை அழைத்து மழித்துக்கொள்ளுங்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். அவ்வாறே செய்தார்கள். அன்று அண்ணலாரின் தலையை மழித்தவர் கிராஷ் பின் உமய்யா (ரலி) எனச் சீறா ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதைக் கண்டதும் தோழர்கள் எழுந்து ஒருவருக்கொருவர் மழிக்கத் தொடங்கினார்கள். கவலையின் மிகுதியால் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்னும் அளவுக்கு அது இருந்தது என்று அறிவிப்பு கூறுகிறது. இதனை முன்பெல்லாம் உவமையாக எண்ணிப் படித்தோம். கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்த பின்னர் அது உவமையாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு பேர், பெரும்பாலோர் தொழில் அறியாதவர்கள், கைநடுங்கும் துயரம், தீட்டிய இரும்பு.

ஹிஜ்ரி 10இல், இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் அந்தப் பணி மஃமர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. அண்ணலார் (ஸல்) தலையின் வலப்பக்கத்தை முதலில் கொடுத்தார்கள். மழித்த முடியைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை அபூ தல்ஹா (ரலி) பெற்றார்கள். அந்நேரத்தில் அண்ணலார் மஃமரின் முகத்தை நோக்கி, உம் கையில் கத்தியிருக்க அல்லாஹ்வின் தூதர் தம் காதுமடலை உமக்கு அளித்துவிட்டார் என்னும் பொருள்படக் கூறியதாகவும், அது அல்லாஹ் தமக்குச் செய்த அருட்கொடை என்று மஃமர் மறுமொழி கூறியதாகவும் ஓர் அறிவிப்பு வந்துள்ளது. அரபு நாடே அண்ணலாரின் கீழ் ஒன்றுபட்டிருந்த நாள் அது. ஒரு தோழரின் கத்திக்கு முன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்கள்.

மினாவின் நாவிதர் ஒருவர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கே பாடம் நடத்திய கதையை இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார். தலையை மழிக்க எவ்வளவு கூலி என்று இமாம் கேட்க, வணக்கத்தில் பேரம் இல்லை, அமருங்கள் என்றாராம் அவர். இமாம் கிப்லாவை விட்டு விலகி அமர்ந்தார். கிப்லாவை நோக்கச் சொன்னார். இடப்பக்கத்தைக் கொடுத்தார்; வலப்பக்கத்தைக் கேட்டார். மௌனமாயிருந்தார், தக்பீர் சொல்லச் சொன்னார். முடிந்ததும் எழுந்து புறப்பட்டவரை, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் செல்லுங்கள் என்றார். இவற்றை எங்கே கற்றீர் என்று வினவியபோது, அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்) இவ்வாறு செய்யக் கண்டேன் என்று விடையளித்தாராம். ஐந்து செய்திகளைத் தாம் ஒரு ஹஜ்ஜாமிடம் கற்றதாக இமாமவர்களே எடுத்துரைத்ததாக வருவதுதான் இக்கதையின் அழகு. ஹஜ்ஜாம் என்பது இரத்தம் குத்தி எடுப்பவரைக் குறிக்கும் சொல். சவரமும் அவர் கையிலேயே இருந்தது.

நகரங்கள் பெருகிய காலத்தில் இத்தொழிலுக்கு விதிகளும் எழுதப்பட்டன. சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் ஷைஸரீ எழுதிய கையேடு, குளியலகப் பணியாளர்களைப் பற்றிப் பேசுமிடத்தில் நாவிதரையும் குறிப்பிடுகிறது. அவர் கை இலேசானதாக இருக்க வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். வேலைநாளில் வெங்காயம், பூண்டு போன்ற வாடை வீசும் பொருள்களை உண்ணலாகாது. சிறுவனின் தலையைப் பொறுப்பாளரின் அனுமதியின்றி மழிக்கலாகாது. ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னே வாய்நாற்றத்துக்கும் சட்டம் இருந்தது! அதற்கும் முன்பே, ஸ்பெயினின் குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரில் வாழ்ந்த மருத்துவ மேதை ஸஹ்ராவீ, தம் ‘தஸ்ரீஃப்’ நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் கத்னா செய்யும் முறைகளை ஒப்பிட்டு, சவரக் கத்தியைக் காட்டிலும் கத்தரிக்கோலே பாதுகாப்பானது என முடிவு கூறுகிறார். சிறுவனை மகிழ்ச்சியாகப் பேச வைத்து, கருவி அவன் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளுமாறும் அறிவுறுத்துகிறார். நம் தலைமுறை ஆண்கள் பலருக்கும் இவ்வரியைப் படித்தால் சிரிப்பு வரும். வானத்தில் பறக்கும் வெள்ளைக் காக்கையை நாமும் அண்ணாந்து பார்த்தவர்கள்தாமே!

அந்த வெள்ளைக் காக்கையைக் காட்டியவர்களைத்தான் தென்மாவட்டங்களில் ஒசா என்றும், இலங்கையில் ஒஸ்தா என்றும் அழைக்கிறோம். ஆசானைக் குறிக்கும் ‘உஸ்தாத்’ என்னும் சொல்லின் திரிபு அது என்று பலரும் கருதுவர். பெயர் ஆசான், நடத்திய விதமோ வேறு. பிறந்த குழந்தையின் தலைமுடியை இறக்குவதும், கத்னா செய்வதும், மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதும் அவர்கள் கையாலேயே நடந்தன. குழந்தையின் தலை உச்சியில் எலும்பு கூடாத மென்மையான இடம் ஒன்று இருக்கிறதே, அதன்மேல் கத்தியை ஓட்டவிட்டு நிம்மதியாக நின்றோம். அவ்வளவு நம்பிக்கை வைத்த கைகளோடு சம்பந்தம் பேச மட்டும் மறுத்தோம். நரைத்த தாடியுடையவரைப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி அழைத்தபோது வீட்டுப் பெரியவர்கள் திருத்தவில்லை. நாங்களும் அவ்வாறு அழைத்து வளர்ந்த பிள்ளைகளே.

இதற்கு ஃபிக்ஹ் நூல்களைச் சான்று காட்டுவோர் உண்டு. கஃபாஅத் என்னும் திருமணப் பொருத்தத்தில் தொழிலையும் ஒரு கூறாகக் கொண்டு, ஹஜ்ஜாம், குளியலகப் பணியாளர் போன்றோர் தையற்காரரின் மகளுக்கு நிகராகார் என நவவீ இமாமின் ‘மின்ஹாஜ்’ கூறுவது உண்மைதான். ஆனால் அது அக்கால வழக்கத்தையொட்டி எழுந்த கணிப்பு; மணமகளும் வலியும் விரும்பி விட்டுக்கொடுத்தால் நிகாஹ் நிறைவேறும் என்பதையும் அதே மத்ஹப் சொல்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ பொருத்தத்தை மார்க்கப் பற்றில் கண்டார்கள். இவை அனைத்துக்கும் முன்னதாக, பனூ பயாளா கோத்திரத்தின் விடுதலை பெற்ற அடிமையான அபூ ஹிந்த் (ரலி) அவர்களின் செய்தி இருக்கிறது. அவர் அண்ணலாருக்கு ஹிஜாமா செய்தவர். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று அக்கோத்திரத்தாருக்கு அண்ணலார் (ஸல்) கட்டளையிட்டதை அபூ தாவூத் பதிவு செய்துள்ளார். மின்ஹாஜின் வரியை மனப்பாடமாகச் சொல்லும் நம்மவர்களுக்கு இந்த ஹதீஸ் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

பிறரிடம் தலையைக் கொடுக்காமல் தாமே சவரம் செய்துகொள்ளும் வழக்கம் பரவியதும் தனிக்கதை. பாரிஸைச் சேர்ந்த கத்தி வினைஞர் ழான் ழாக் பெரே 18ஆம் நூற்றாண்டில் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார்; கத்தியைச் சுற்றி மர உறை பொருத்திக் காயத்தைத் தடுக்கும் வழியையும் வகுத்தார். 1903இல் கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்ததும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலாண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஒவ்வொருவர் பையிலும் அது இடம்பெற்ற பிறகு நிலைமை மாறியது. தீட்டத் தெரியாதவனும் மழித்துக்கொள்ளலாம் என்றானபோது, கல்லும் வாரும் வீடுகளிலிருந்து மறைந்தன.

நம் ஊர்ச் சவரக் கடைகளில் மடக்குக் கத்தி இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்தியாவில் எச்ஐவி கிருமி முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் பரவிய விழிப்புணர்வினால், ஒரே கத்தியை அடுத்தடுத்த முகங்களில் வைப்பதை மக்கள் அஞ்சினர். பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திகள் வந்தன. அச்சம் நியாயமானதே, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் கிருமிகளும் இரத்தம் பட்ட கத்தி வழியாகப் பரவக்கூடியவை. மினாவில் ஹாஜிகள் ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றவர் தொடலாகாது என்று சவூதி சுகாதாரத் துறை ஆண்டுதோறும் எச்சரிப்பதும் இதனால்தான். ஹஜ்ஜுக்குச் செல்லும் குடும்பத்தினர் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். தன் பிளேடைத் தானே கொண்டு செல்வதில் பாரம் ஒன்றுமில்லை.

பாட்டனாரின் கத்தியை ஒசாவே இறுதியில் தீட்டிக் கொடுத்தார். துருப்புள்ளிகள் முழுவதும் போகவில்லை, கூர் வந்துவிட்டது. அவருடைய அடைப்பத்தில் தம் தகப்பனாரின் கத்தி ஒன்று இருப்பதையும் காட்டினார். அதனை அவர் எவர்மீதும் வைப்பதில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுவதோடு சரி. பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில் வேறு வேலையில் இருக்கிறார்கள். இத்தொழிலுக்கு அவர்கள் வரவேண்டும் என்று தாம் விரும்பியதில்லை என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

துல்கஅதாவில் எங்கள் பேரனுக்கு ஏழாம் நாள் அகீகா. அவரே வந்து, எங்கள் கண்ணெதிரில் புதிய பிளேடை உறையிலிருந்து பிரித்துச் செருகி, வலப்பக்கத்திலிருந்து முடியை இறக்கினார். குழந்தை இடையில் உறங்கிவிட்டது. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு அண்ணலார் கற்பித்தவாறு முடியை நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளியின் விலையைத் தர்மம் செய்தோம். விருந்து தொடங்கியதும் அவரைக் காணவில்லை. அவருடைய தகப்பனார் எங்கள் வீட்டில் எப்போதும் உண்ட பின்கட்டுத் திண்ணையில் சென்று அமர்ந்திருந்தார். ஸஹனில் எங்களோடு அமருமாறு அழைத்தோம். “இங்கயே இருக்கேன் தம்பி, பழகிப்போச்சு” என்றார். இரண்டாம் முறை கையைப் பிடித்து அழைத்த பிறகுதான் எழுந்து வந்தார்.